தெரிந்தே சொன்ன பொய்!

அறியாதவன் தவறாகச் சொன்னால் அது பிழை. அறிந்தவன் தவறாகச் சொன்னால் அது வஞ்சகம். பிழையைத் திருத்தப் பாடம் போதும். வஞ்சகத்துக்குப் பாடம் போதாது. அதனை அம்பலத்தில் நிறுத்த வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்தவர்கள், உலகின் வெப்பம் உயர்வது பற்றி மக்களிடையே நிலவும் குழப்பத்தைக் கண்டு, "பாவம், இவர்களுக்கு விஞ்ஞானம் புரியவில்லை, படிப்புப் போதவில்லை" என்று பரிவு காட்டுகின்றனர். களவு போன வீட்டின் வாசலில் நின்றுகொண்டு, "தாழ்ப்பாள் போடத் தெரியவில்லையே!" என்று வீட்டுக்காரனைக் கடிந்துவிட்டு, திருடனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போவது எந்த ஊர் நீதி?

இந்தக் குழப்பம் காட்டிலே தானாக முளைத்த செடியன்று. நிலம் பார்த்து, விதை பார்த்து, உரமிட்டு, நீர் பாய்ச்சிப் பயிரிட்டது. பயிரிட்டவர் யார், விதைக்கு விலை கொடுத்தவர் யார், விளைச்சலை வண்டியேற்றிக் கொண்டு போனவர் யார் என்பதற்கெல்லாம் சான்று இருக்கிறது. எதிரிகள் புனைந்த சான்றன்று. அவர்களே எழுதி, அவர்களே கையெழுத்திட்டு, அவர்களுடைய பேழைகளிலே உறங்கிக் கிடந்த ஏடுகள். அந்த ஏடுகள் கிடைத்த இடம் அமெரிக்க நாடு. ஆகவே இந்த ஞாயிறன்று அமெரிக்க நாட்டுக் கதையைத்தான் பேசப் போகிறோம். கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று எண்ணாதீர்கள். புகைக்கு எல்லைக்கோடு கிடையாது, பொய்க்கும் கிடையாது.

நேற்றுப் பிறந்த செய்தியா?

"விஞ்ஞானிகள் சிலர் புதிதாக எதையோ கிளப்பிவிட்டார்கள்" என்பது குழப்பவாதிகளின் முதற் பல்லவி. புதிதா? கணக்கைப் பார்ப்போம்.

1856ஆம் ஆண்டு. நம் நாட்டிலே கம்பெனி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு காற்றை நிரப்பி வெயிலிலே வைத்தார். கரியமில வாயு நிரம்பிய குழாய் மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாகச் சூடேறியது. வெயிலை விட்டு அகற்றிய பின்னரும் நெடுநேரம் ஆறாமல் இருந்தது. வானில் இந்த வாயு பெருகினால் பூமியின் வெப்பமும் பெருகும் என்று அவர் எழுதி வைத்தார். மூன்றாண்டு கழித்து, 1859இல், இலண்டன் மாநகரில் ஜான் டிண்டால் என்பார், எந்தெந்த வாயு வெப்பக் கதிரைப் பிடித்து நிறுத்துகிறது என்பதைக் கருவி வைத்து அளக்கத் தொடங்கினார். 1896இல் சுவீடன் நாட்டு அர்ரேனியஸ், வானிலுள்ள கரியமில வாயு இரு மடங்கானால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று கணக்கே போட்டுக் காட்டினார்.

செய்தி எளியது. கதிரவனிடம் பெறும் வெப்பத்தைப் பூமி மீண்டும் வானுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இடையிலே இந்த வாயு ஒரு போர்வை. போர்வையே இல்லாவிடில் பூமி உறைந்துவிடும். போர்வை தடித்துக்கொண்டே போனால் புழுங்கிப் போகும். நிலக்கரியும் எண்ணெயும் எரிய எரியப் போர்வை தடிக்கிறது. அவ்வளவுதான்.

போர்வையின் தடிப்பை அளந்தவர்களும் உண்டு. 1958இல் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றிலே கரியமில வாயு சுமார் 315 பங்கு. 2024இல் அதே மலையில் அந்தக் கணக்கு 420ஐத் தாண்டிவிட்டது. அளந்த மலை ஒன்று. அளவு மட்டும் ஆண்டுதோறும் ஏறுகிறது. இதில் எந்தக் கட்சிக்கு என்ன வேலை? எந்தச் சித்தாந்தம் மலைமேல் ஏறி வாயுவை ஊதிவிட்டு வந்தது?

முதலில் அறிந்தவர்கள்

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. இந்த ஆபத்தை முதன்முதலில் அக்கறையோடு கேட்டறிந்தவர்களின் வரிசையிலே நின்றவர்கள், இதனை மறுத்துப் பின்னாளில் கோடி கோடியாகக் கொட்டிய அதே எண்ணெய் முதலாளிகள்!

1959 நவம்பர். அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் நூற்றாண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் கூட்டிய கருத்தரங்கு. பேச வந்தவர் எட்வர்ட் டெல்லர். ஹைட்ரஜன் குண்டின் தந்தை என்று பெயர் பெற்றவர். மரத்தையும் மானையும் கண்டு உருகும் கவிஞரல்லர். அவர்தான் அந்த விழாவிலே எழுந்து, எரிபொருளின் புகை உலகைச் சூடேற்றும், பனிமலை உருகும், கடல் உயரும், இந்த நியூயார்க் நகரமும் நீரில் அமிழும் நிலை வரலாம் என்று எச்சரித்தார். பிறந்தநாள் விழாவிலேயே சாவுச் சீட்டு வாசித்தாற்போல!

1965. குடியரசுத் தலைவர் ஜான்சனின் விஞ்ஞான ஆலோசனைக் குழு இதே ஆபத்தை அறிக்கையாகவே தந்தது. அந்த ஆண்டே, பெட்ரோலியக் கழகத்தின் தலைவர் ஃபிராங்க் இகார்ட், தம் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அந்த அறிக்கையை எடுத்துரைத்தார். கேட்டவர்கள் யார்? தெருவிலே போன மக்களல்லர். எண்ணெய்க் கிணறுகளின் சொந்தக்காரர்கள்.

1977 ஜூலை. எக்ஸான் கம்பெனியின் மேலாண்மைக் குழு. அந்தக் கம்பெனியிலேயே ஊதியம் வாங்கும் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், முதலாளிகளின் முகத்துக்கு நேராக, எரிபொருளின் புகைதான் பருவநிலையை மாற்றிக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். முதலாளிகள் அவரைத் துரத்தவில்லை. மாறாக, 1979 முதல் "எஸ்ஸோ அட்லாண்டிக்" என்ற தங்கள் எண்ணெய்க் கப்பலிலேயே கருவிகளைப் பொருத்தி, கடலிலும் காற்றிலும் உள்ள கரியமில வாயுவை அளக்கச் செய்தனர். 1982இல் அவர்களது உள்ளறிக்கை ஒரு வரைபடம் போட்டது. 2020 வாக்கில் காற்றிலே கரியமில வாயு எவ்வளவு இருக்கும்? 400க்கும் 420க்கும் இடையில் என்றது அந்தக் கோடு. 2020 வந்தது. மௌனா லோவா மலையில் சுமார் 414! சோதிடமா இது? அல்ல, தோழர்களே, அறிவு. 2023இல் "சயன்ஸ்" ஏட்டில் வந்த ஆய்வொன்று, எக்ஸான் விஞ்ஞானிகளின் வெப்பக் கணிப்புகளை எடுத்து வைத்து, நடந்ததோடு ஒப்பிட்டது. நூற்றுக்கு 63 முதல் 83 வரை துல்லியமாகப் பலித்திருந்தன.

ஆற்றுப் பாலத்திலே சுங்கம் வசூலிக்கும் ஒருவன், தூணிலே விரிசலைக் கண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாரை அழைத்துக் காட்டினான். பாலம் தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். நேர்மையாளன் என்ன செய்வான்? பாலத்தின் குறுக்கே கயிறு கட்டி மக்களைத் தடுப்பான். இவன் என்ன செய்தான்? விரிசலின்மீது வண்ணச் சுவரொட்டியை ஒட்டினான். "பாலத்தில் விரிசல் உண்டா இல்லையா என்பதில் கொத்தனார்களுக்குள் கருத்து வேற்றுமை இருக்கிறது" என்று தண்டோரா போட்டான். சுங்கத்தையும் வாங்கிக்கொண்டே இருந்தான். இதற்கு அறியாமை என்றா பெயரிடுவீர்கள்?

சிகரெட் காட்டிய வழி

இந்தத் தண்டோராக் கலையை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு புகை வணிகரிடம் கற்றார்கள்.

1953 டிசம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் அமெரிக்க சிகரெட் கம்பெனித் தலைவர்கள் கூடினர். சிகரெட் புற்றுநோய் தருகிறது என்று ஆய்வுகள் சொல்லத் தொடங்கியிருந்த நேரம். என்ன செய்வது? நோய் தராது என்று மெய்ப்பிக்க இயலாது. ஆனால், நோய் தரும் என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கலாமல்லவா? 1954 ஜனவரியில் நானூறுக்கு மேற்பட்ட ஏடுகளில், பொதுநலம் சொட்டச் சொட்ட ஒரு விளம்பரம் வந்தது: நாங்களும் ஆராயப் போகிறோம் என்று! 1969இல் ஒரு சிகரெட் கம்பெனியின் உள்குறிப்பு இன்னும் வெளிப்படையாகவே பேசிற்று. ஐயம்தான் நாம் விற்கும் சரக்கு என்று எழுதி வைத்தது.

சரக்கு ஒன்றானால் வியாபாரியும் சில நேரம் ஒருவராகவே இருப்பார். ஃபிரெடரிக் சீட்ஸ் பெரிய இயற்பியல் அறிஞர். அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக 1969 வரை இருந்தவர். பின்னர் ரெனால்ட்ஸ் என்ற புகையிலைக் கம்பெனியின் ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆலோசகரானார். அதற்கும் பின்னர், 1998இல், புவி வெப்பமடைவதை மறுத்து விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வேட்டை நடத்திய மனுவுக்கு முன்னுரைக் கடிதம் தந்தவரும் அவரே. அந்த மனுவோடு சென்ற கட்டுரை, விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வந்ததுபோலவே அச்சிடப்பட்டிருந்தது. அது எங்கள் ஏட்டில் வந்ததன்று, எங்கள் கருத்துமன்று என்று அவர் தலைமை தாங்கியிருந்த அதே கழகம் அறிக்கை விட நேர்ந்தது. வேட்டி எங்களுடையதுதான்; கட்டியிருப்பவர் எங்கள் ஆளல்லர் என்று சொல்ல வேண்டிய நிலை!

ஐயத்தின் அங்காடி

1988 ஜூனில், நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் நின்று, புவி சூடேறுவது உறுதி என்று சாட்சியம் அளித்தார். அதே ஆண்டில் ஐ.நா. சார்பில் பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு அமைந்தது. செய்தி மக்கள் மன்றத்துக்கு வந்துவிட்டது. உடனே அங்காடி திறக்கப்பட்டது.

1989இல் "உலகப் பருவநிலைக் கூட்டணி" தோன்றிற்று. பெயரைக் கேட்டால் மரம் நடும் மன்றம் என்று தோன்றும். உள்ளே இருந்தவர்கள் எண்ணெய், நிலக்கரி, மோட்டார்க் கம்பெனிகள்! 1995இல் இந்தக் கூட்டணிக்காக எழுதப்பட்ட விஞ்ஞானக் குறிப்பு ஒன்று, புகையினால் வெப்பம் கூடக்கூடும் என்பதன் விஞ்ஞான அடிப்படை மறுக்க முடியாதது என்றே ஒப்புக்கொண்டது. மறுப்பாளர்களின் வாதங்கள் நிற்கமாட்டா என்றும் அதன் வரைவிலே ஒரு பகுதி இருந்தது. என்ன ஆயிற்று அந்தப் பகுதி? வெளியே அனுப்பும் முன் அதனைக் கத்தரித்துவிட்டார்கள்! வாய் மறுத்துக்கொண்டிருந்தபோது, கை ஒப்புக்கொண்டு எழுதியிருந்தது. வாய் வென்றது, கையை வெட்டினார்கள்.

1991இல் நிலக்கரி, மின்சாரக் கம்பெனிகள் சேர்ந்து இன்னொரு மன்றம் கண்டன. புவி வெப்பமடைதலை உண்மை என்ற இடத்திலிருந்து இறக்கி, வெறும் கொள்கை என்ற இடத்தில் உட்கார வைப்பது என்று திட்டத் தாளிலேயே எழுதினார்கள். மூன்று நகரங்களில் வெள்ளோட்டம் விட்டார்கள். யாரைக் குறி வைப்பது? படிப்புக் குறைந்த முதிய ஆண்களையும், வருவாய் குறைந்த இளம் பெண்களையும் என்று அதே தாளில் குறித்து வைத்தார்கள். அந்தோ! ஏழையின் வீட்டுக்கு ரொட்டி அனுப்ப மறந்தவர்கள், பொய்யை மட்டும் முகவரி பார்த்து அனுப்பினார்கள்!

1998இல் பெட்ரோலியக் கழகத்தின் முன்னிலையில் தீட்டப்பட்ட திட்டம் ஒன்று ஏடுகளுக்குக் கசிந்தது. எது வெற்றி என்பதற்கு அதிலே இலக்கணமே வகுத்திருந்தார்கள்: சாதாரணக் குடிமகன் இந்த விஞ்ஞானத்தில் ஐயப்பாடுகள் உண்டு என்று எண்ணத் தொடங்கினால் வெற்றி! கவனியுங்கள், தோழர்களே. குடிமகன் அவர்களை நம்ப வேண்டியதில்லை. எவரையும் நம்பாமல் இருந்தால் போதும். வழக்கிலே வெல்ல வேண்டுமென்பதன்று அவர்கள் நோக்கம்; தீர்ப்பு வராமல் வாய்தா வாங்கிக்கொண்டே இருப்பதுதான்.

பெய்ஜிங்கில் ஒரு பேச்சு

வாய்தாவின் விலை என்ன என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 1997 அக்டோபரில் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் உலகப் பெட்ரோலிய மாநாடு. எக்ஸான் தலைவர் லீ ரேமண்ட் பேசினார். இருபது ஆண்டுக்கு முன்னிருந்ததைவிட இன்று பூமி குளிர்ந்திருக்கிறது என்றார்! அவருடைய கம்பெனி விஞ்ஞானி மேலாண்மைக் குழுவிடம் உண்மையை எடுத்துரைத்தது எப்போது? 1977. சரியாக இருபதாண்டு! அவர் அத்தோடு நிற்கவில்லை. நடவடிக்கையை இன்று எடுத்தாலும் இருபதாண்டு கழித்து எடுத்தாலும் அடுத்த நூற்றாண்டின் நடுவே பெரிய வேறுபாடு இராது என்றும் இயம்பினார். ஆசிய நாடுகளுக்கு நடுவே நின்று, வளரும் நாடுகளின் நலம் விரும்பிபோல் பேசிய பேச்சு அது.

வளரும் நாடுகளின்பால் எவ்வளவு கருணை! கணக்கைக் கேளுங்கள். தொழிற்புரட்சிக் காலம் தொட்டு எரிபொருளால் வானில் ஏறிய கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. உலக மக்களில் ஆறில் ஒருவர் வாழும் இந்தியாவின் பங்கோ நூற்றுக்கு மூன்று என்ற அளவுதான். விருந்தை உண்டவர் ஒருவர். எச்சில் இலை விழுவது நம் வாசலில். இலையை எடுக்க வேண்டுமா என்பதையே இன்னும் இருபதாண்டு ஆராயலாம் என்கிறார் உண்டவர்!

கேட்ட வாய்தா கிடைத்தது. 2001இல் அமெரிக்கா கியோட்டோ ஒப்பந்தத்தைக் கைவிட்டது. 2002இல் பிரசாரக் கலைஞர் ஃபிராங்க் லன்ட்ஸ், விஞ்ஞானத்தில் உறுதியின்மை என்பதையே முதன்மையான வாதமாக்குங்கள் என்று குடியரசுக் கட்சியாருக்கு ஓலை எழுதினார். 2015 பிப்ரவரியில் ஒரு செனட்டர், பனிக்கட்டியை உருட்டிச் சபைக்குள் கொண்டுவந்து, "வெளியே குளிர்கிறதே!" என்று எறிந்து காட்டினார். 2025 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையிலே குடியரசுத் தலைவர் டிரம்ப், பருவநிலை மாற்றம் என்பது உலகின்மீது நிகழ்த்தப்பட்ட மிகப் பெரிய ஏமாற்று வேலை என்று முழங்கினார். இதனிடையே, 2022ஆம் ஆண்டில் எக்ஸான்மொபில் ஈட்டிய இலாபம் 5,500 கோடி டாலருக்கும் மேல். 2024ஆம் ஆண்டோ, அளவெடுக்கத் தொடங்கிய காலம் முதல் கண்ட ஆண்டுகளிலேயே மிகுந்த வெப்பமுடையது. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடுதல். ஓலை எழுதிய லன்ட்ஸே 2019இல் செனட் குழுவின் முன் வந்து, தாம் எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது நன்று. ஆனால் போன பதினேழு ஆண்டுகளை எந்தக் கடையில் வாங்குவது?

கடைச் சரக்கும் மறுமொழியும்

இந்த அங்காடிச் சரக்கு கப்பலேறி நம் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் உங்களிடம் கேட்பார்கள். கேட்பவரை எள்ளி நகையாடாதீர்கள். அவர் வாங்கி ஏமாந்தவர், விற்றவரல்லர். மறுமொழி சொல்லுங்கள்.

"பருவநிலை முன்பும் மாறியதே!" மாறியதுதான். காட்டுத்தீ மனிதன் பிறக்கு முன்பும் மூண்டதுண்டு. அதனால், இன்று தீப்பந்தத்தோடு பிடிபட்டவன் நிரபராதியா?

"எல்லாம் சூரியன் செய்யும் வேலை!" சூரியன்தான் காரணமெனில் வானின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது; மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது. போர்வைக்குள் இருப்பவனுக்குப் புழுக்கம், போர்வைக்கு வெளியே குளிர். கைரேகை அகப்பட்டுவிட்டது!

"பத்தாயிரத்தில் நாலு பங்கு வாயு என்ன செய்துவிடும்?" குடம் பாலிலே நஞ்சு எத்தனை சொட்டு என்று எண்ணிப் பார்த்துக் குடிக்கிறவர் உண்டானால், அவரிடம் இந்தக் கேள்வியை விட்டுவிடுவோம்.

"1970களில் பனியுகம் வருமென்று இதே விஞ்ஞானிகள் சொன்னார்களே!" ஏடுகள் சில பரபரப்பாக எழுதின. 1965 முதல் 1979 வரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தனர்: குளிரும் என்றவை 7, சூடேறும் என்றவை 44.

"விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே!" 2004இல் நவோமி ஒரெஸ்கஸ் என்ற வரலாற்றறிஞர், ஆய்வேடுகளில் வந்த 928 கட்டுரைச் சுருக்கங்களை எடுத்து வைத்துப் பார்த்தார். மனிதச் செயலால் வெப்பம் கூடுகிறது என்னும் பொதுக்கருத்தை மறுத்தது எத்தனை? ஒன்றுமில்லை!

"ஐயப்படுவது அறிவுக்கு அழகுதானே?" அழகுதான். நம் இயக்கமே கேள்வி கேட்டுப் பிறந்ததுதான். விஞ்ஞானியும் ஐயப்படுகிறான், மழை எங்கே கூடும், எங்கே குறையும், கடல் எவ்வளவு விரைவில் ஏறும் என்றெல்லாம் ஐயப்படுகிறான். ஐயம் தீர அளக்கிறான். விடை கண்டால் ஏற்கிறான். விலைபோன ஐயம் விடையைக் கண்டால் ஓடுகிறது. ஒரு கேள்விக்கு மறுமொழி வந்ததும் அடுத்த கேள்வியில் ஒளிகிறது. முன்னது உண்மையைத் தேடும் விளக்கு. பின்னது விளக்கை அணைக்க வரும் காற்று.

புது வேடம்

பழைய பொய் கிழிந்துபோனது கண்டு, இப்போது புதிய வேடம் கட்டுகிறார்கள். "வெப்பம் கூடுவது உண்மைதான், ஆனால் குற்றம் உன்னுடையது" என்கிறார்கள். பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனி, 2004 வாக்கில், ஒவ்வொரு தனி மனிதனும் தன் கரிச்சுவடு எவ்வளவு என்று கணக்கிட ஒரு பொறியைத் தன் விளம்பரத்தோடு பரப்பிற்று. சிக்கனம் நற்குணம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய்க் கிணற்றுச் சொந்தக்காரன், மண்ணெண்ணெய் விளக்கேற்றுகிறவளைப் பார்த்து, "அம்மா, உன் சுவடு எவ்வளவு?" என்று கேட்பதிலுள்ள சூழ்ச்சியைக் காணாமல் இருக்க முடியுமா? இன்னொரு வேடமும் உண்டு: "இனி ஒன்றும் செய்ய முடியாது, காலம் கடந்துவிட்டது!" முன்பு, ஆபத்தே இல்லை, ஆகவே சும்மா இரு என்றார்கள். இப்போது, ஆபத்து மீறிவிட்டது, ஆகவே சும்மா இரு என்கிறார்கள். தொடக்கம் மாறிற்று, "சும்மா இரு" மட்டும் மாறவில்லை! ஒவ்வொரு டிகிரியின் பத்திலொரு பங்கைத் தடுத்தாலும் அத்தனை உயிருக்கும் பயிருக்கும் நன்மை உண்டு என்பதே உண்மை.

நம் பக்கத்துக்கும் ஒரு சொல். கண்ட புயலையெல்லாம், பெய்த மழையையெல்லாம் பருவநிலை மாற்றத்தின் தலையில் ஏற்றிப் பேசும் தோழர்கள் உளர். ஆர்வத்தால் செய்கிறார்கள், ஆனால் அது எதிரிக்குக் கொடுக்கும் ஆயுதம். ஒரு மிகை பிடிபட்டால், நூறு உண்மையையும் மிகை என்று அவன் தள்ளிவிடுவான். இன்னொரு கேடும் உண்டு. ஒருகாலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கட்டடத்தாலும் குப்பையாலும் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகச் சுருங்கிற்று. வெள்ளம் வீட்டுக்குள் நுழையும்போது, ஏரியைத் தூர்த்தவன் வானத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்வான்: "என்ன செய்வது, பருவநிலை மாறிவிட்டது!" மறுப்பதும் பொய்; மறைவிடமாக்கிக்கொள்வதும் பொய். வானிலிருந்து வருவதற்கு எண்ணெய்க் கம்பெனியைக் கேட்போம். வடிகால் இல்லாமற்போனதற்கு வடிகாலை விழுங்கியவனைக் கேட்போம். இரண்டு கணக்கையும் கலக்கமாட்டோம்.

தோழர்களே! கடற்கரைக் குப்பத்து மீனவனிடம் போய் வரைபடம் காட்ட வேண்டியதில்லை. 1900 முதல் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள், அவன் அலையைப் பார்த்துப் புரிந்துகொள்வான். உழவனிடம் மழையைப் பேசுங்கள். மாணவனிடம் 1856இன் கண்ணாடிக் குழாயைப் பேசுங்கள். எல்லோரிடமும் 1977ஐப் பேசுங்கள். எண்ணெய்க் கம்பெனியின் அறையிலே உண்மை சொல்லப்பட்ட ஆண்டு அது. "யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது" என்று எதிர்காலத்தில் எவனாவது சொல்ல முற்பட்டால், எழுந்து நின்று சொல்லுங்கள்:

தெரியும். அவர்களுக்கு முதலிலேயே தெரியும். இப்போது நமக்கும் தெரியும்!